நூற்றுப் பத்து ஆமாங்க

மண்ணாங்கட்டிக்குப் பதினோரு விதமான ஆளுமைக் கோளாறுகள் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பது விழுப்புரத்தில் என் அறைக்குப் பால் ஊற்றியவருக்கு நன்றாகத் தெரியும்.

1985-ஆம் வருஷம். எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் உளவியல் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டு, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்த குடிநிறுத்தும் வார்டில் வேலை பார்த்தேன். மொத்தம் எட்டுக் கட்டில். குடியை விட வருகிறவர்களில் சிலர் ஏன் ஒரே மாதத்தில் மறுபடி சாராயக்கடைக்குப் போகிறார்கள், அவர்கள் குணத்திலேயே ஏதாவது கோளாறு இருக்கிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. அமெரிக்கக்காரர்கள் அந்தக் கோளாறுகளைப் பதினொன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எல்லாரையும் சந்தேகப்படுகிறவன், யாரோடும் ஒட்டாதவன், தன்னைத் தவிர யாரையும் நினைக்காதவன், மனசாட்சி இல்லாதவன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொன்றுக்கும் பத்துக் கேள்வி, ஆக நூற்றுப் பத்து. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும்.

அதை உட்கார்ந்து தமிழில் பெயர்த்தது நான். மூலத்தில் இன்னும் பத்துக் கேள்விகள் இருந்தன. ஆள் கேள்வியைக் காதில் வாங்கித்தான் பதில் சொல்கிறாரா என்று பார்க்கிற கேள்விகள். ‘நீங்கள் தினமும் விமானத்தில் வேலைக்குப் போகிறீர்களா’ என்கிற மாதிரி. மூட்டை தூக்குகிறவரிடம் போய் இதைக் கேட்டால் சிரிப்பார், எனக்கும் அசிங்கம் என்று அந்தப் பத்தையும் தூக்கிப் போட்டுவிட்டேன். அது என் சொந்த புத்திசாலித்தனம். அதற்கு எந்த அமெரிக்கக்காரனும் பொறுப்பில்லை.

மண்ணாங்கட்டி திண்டிவனத்துக்காரர். மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவர், நாற்பத்திரண்டு வயது. அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. இதுவாவது யார் கண்ணிலும் படாமல் பிழைக்கட்டும் என்று அவர் அம்மா அந்தப் பெயரை வைத்தாராம். பிழைத்தார். நல்ல உயரமாக, வாசலில் குனிந்து வருகிற உயரமாக வளர்ந்தார். அந்த உடம்பைப் பதினெட்டு வருஷம் சாராயத்தில் ஊறப் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

எனக்கு அவரை வந்த அன்றே பிடித்துப் போயிற்று. ஐந்தாம் நாள் கை நடுக்கம் குறைந்ததும் முதல் வேலையாக என் நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துப் போட்டார். “உக்காருங்க டாக்டரம்மா.” நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். “ஆமாங்க டாக்டரம்மா” என்றார். பத்தாம் நாள் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இவர் இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். நல்ல ஒத்துழைப்பு என்று ஓரத்தில் பாராட்டி வேறு எழுதினேன்.

கூட்டிப் பார்த்தபோது பதினோரு கோளாறும் பத்துக்குப் பத்து. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் எண்ணை நம்பினேன். அந்த வயதில் எனக்கு ஆட்களைவிட எண்கள் மேல்தான் மரியாதை அதிகம்.

வார்டின் டாக்டர் சீனுவாசன் நல்லவர், ஆனால் கறாரானவர். முதல் பன்னிரண்டு நாள் உடம்பு தெளிவதற்கு. அதற்குப் பிறகு ஆறு வாரம் தங்கிப் பேசிப் பழகி மனசைத் திருப்புகிற வைத்தியம். அந்த ஆறு வாரத்துக்குத்தான் போட்டி. குணமே கோணலாக இருக்கிறவர்கள் எப்படியும் நடுவில் ஓடிவிடுவார்கள், அந்தக் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. என் காகிதத்தைப் பார்த்தார், மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டார், “உனக்குக் குணத்திலேயே பதினோரு கோளாறு, இந்த வைத்தியம் சரிப்படாது, நீ வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டு, கட்டில் விரிப்பை நான்காக மடித்து வைத்துவிட்டு, மண்ணாங்கட்டி திங்கட்கிழமை ரயிலேறினார்.

புதன்கிழமை காலை, அதுவரை எடுத்த இருபத்து மூன்று பேரின் தாள்களையும் பரப்பி வைத்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மண்ணாங்கட்டியின் தாளில் பதினான்காம் கேள்வி, ‘தனியாக இருப்பதுதான் உங்களுக்குப் பிடிக்குமா?’ ஆமாம். அறுபத்து மூன்றாம் கேள்வி, ‘ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்க முடியாமல் தவிப்பீர்களா?’ அதற்கும் ஆமாம். ஒரு மனிதருக்கு இரண்டும் எப்படி முடியும்? மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். நூற்றுப் பத்தும் ஆமாம். ஒரு ‘இல்லை’கூடக் கிடையாது.

மற்ற தாள்களைப் புரட்டினேன். சொந்தமாக நிலம் வைத்திருந்தவர்கள் முப்பது, நாற்பது ஆமாம் சொல்லியிருந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தொண்ணூறு, நூறு. கோளாறு ஏக்கர் கணக்குப் பார்த்தா வரும்? தாள்களை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒரு வெற்றுக் கேள்வித்தாளை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். கட்டிலுக்கு வேறு ஆள் வியாழக்கிழமை காலை வருவதாக இருந்தது.

திண்டிவனத்தில் இறங்கி, மண்டிகளைத் தாண்டி, கேட்டுக் கேட்டுக் காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கூரை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் மண்ணாங்கட்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் தெளிவாக இருந்தது. குடிக்கவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது. அவர் எழுந்து, துண்டால் துடைக்க நாற்காலியைத் தேடினார். நாற்காலி இல்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். சின்ன உருவம், பெரிய குரல். இடது மணிக்கட்டு கொஞ்சம் வளைந்திருந்தது. அவர் மனைவி பாஞ்சாலி என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“நீங்கதான் கேள்வி கேட்ட அம்மாவா? ஏம்மா, குடி ஒண்ணுதான் இந்தாளுக்கு இருந்துது. அத எடுத்துட்டு அனுப்புங்கன்னு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சேன். அது கூட பதினொண்ணு சேத்துத் திருப்பி அனுப்பிட்டீங்களே! இது இன்னா ஆஸ்பத்திரி?”

தப்பு என்மேல்தான் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கதவோரம் ஒரு துணி மூட்டை கட்டி வைத்திருந்ததைக் காட்டினார்.

“இன்னிக்கு மூணாவது நாளு. ஒக்காந்த எடத்த வுட்டு எழுந்திருக்காம கெடக்கறாரு. எழுந்தா காலு எந்தப் பக்கம் போவும்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொழுதுக்குள்ள அந்தக் காலு கடைப் பக்கம் திரும்பிச்சோ, ரெண்டு பொண்ணுங்களையும் இட்டுக்கினு வானூருக்கு என் தம்பி ஊட்டுக்குப் போயிடுவேன். இந்த தபா சத்தியமா போயிடுவேன். ஆஸ்பத்திரிதான் கடைசின்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா.”

கடைசி வாக்கியத்தில் அந்தப் பெரிய குரல் சின்னதாகிவிட்டது. மண்ணாங்கட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். “நான் கேட்டதுக்கெல்லாம் ஆமாம், ஆமாம்னு சொன்னீங்களே, நெஜமாவே எல்லாத்துக்கும் ஆமாமா?”

“ஆமாங்க.”

“நீங்க தெனமும் ஏரோப்ளேன்லயா மண்டிக்குப் போறீங்க?”

ஒரு விநாடி யோசித்தார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எந்தப் பதில் வேண்டியிருக்கிறது என்று தேடினார்.

“ஆமாங்க” என்றார்.

பாஞ்சாலி தலையில் அடித்துக்கொண்டார். “படிச்சவங்க, பெரியவங்க யார் கேட்டாலும் அந்தாளு வாயில அதாம்மா வரும். எங்க மாமனாரு முகையூர் பக்கம் பண்ணையில இருந்தாரு. ஒரு தபா ஆண்டை ஏதோ கேட்டதுக்கு இல்லீங்கன்னு சொல்லிட்டாராம். உள்ளதத்தான் சொன்னாரு. அதுக்குக் களத்துல பொழுது சாயற வரைக்கும் வெயில்ல நிக்க வெச்சாங்க. இந்தாளு அப்ப சின்னப் பையன், பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தாராம். அன்னிலருந்து அவங்க ஊட்ல இல்லைங்கற பேச்சே கெடையாது. ஆமாங்கன்னு சொல்லிட்டு ஜல்தியா வந்துடணும், அவ்ளோதான்.”

எனக்கு முகம் சுட்டது. என் அப்பா துரைக்கண்ணு முப்பது ஏக்கர் வைத்திருந்தவர். எங்கள் களத்தில் யாரையும் வெயிலில் நிற்க வைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த ‘ஆமாங்க’வைக் காலை மாலை கேட்டு வளர்ந்தவள் நான். அதை ஒரு பதில் என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னைக்குப் போய், புத்தகம் புத்தகமாகப் படித்து, திரும்பி வந்து அதையே எண்ணிக் கூட்டியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

“இவரு யார்கிட்டயுமே இல்லைன்னு சொல்லமாட்டாரா?” என்று கேட்டேன்.

பாஞ்சாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏன் சொல்லமாட்டாரு? என்கிட்ட சொல்லுவாரு. காத்தால எழுந்ததுலருந்து இல்லதான். கஞ்சி வேணுமான்னா இல்ல. குடிச்சியான்னா இல்ல. ஒலகத்துல பாக்கி வெச்ச இல்லையெல்லாம் என்கிட்டதான் கொட்டறாரு.”

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்.”

பையிலிருந்து கேள்வித்தாளையும் பென்சிலையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உலகத்தில் எந்த ஆராய்ச்சிமுறைப் புத்தகத்திலும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய், மண்ணாங்கட்டியின் கண்ணில் படாமல் உட்கார்ந்துகொண்டேன்.

என் அழகான தமிழை முதல் கேள்வியிலேயே பாஞ்சாலி ஓரம் கட்டினார். “யோவ், ஒன்னப் பத்தி ஜனங்க முதுகுக்குப் பின்னால பேசுதுங்கன்னு நெனைக்கறியா?”

“பின்னால எதுக்குப் பேசணும்? குடிகாரன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லுதுங்க. ஒன் தம்பியே சொல்றான்.”

“என் தம்பிய இழுக்காத. ஆமாவா, இல்லையா?”

“இல்ல.”

பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப்போல இனிமையான ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

“எல்லாரையும்விட நீதான் ஒசத்தின்னு நெனைப்பு உண்டா?”

“மூட்ட தூக்கறவனுக்கு அது வேறயா? இல்ல.”

“தனியா இருக்கறதுதான் ஒனக்குப் புடிக்குமா?”

“நீ ஊட்ல இல்லைன்னா புடிக்காது.” கொஞ்ச நேரம் கழித்து, “நீ கத்தறப்ப புடிக்கும்” என்றார்.

“அம்மா, இதுக்கு இன்னா போடறது?” என்று மரத்தைப் பார்த்துக் கேட்டார் பாஞ்சாலி. கோட்டுக்கு நடுவில் போடச் சொன்னேன்.

சில கேள்விகளுக்கு ஆமா வந்தது. பொய் சொன்னது உண்டா? ஆமா. கோபத்தில் சாமானை உடைத்தது உண்டா? ஆமா. என்ன சாமான் என்று தாளில் இல்லாததையும் பாஞ்சாலி கேட்டார். அதற்கும் பதில் வந்தது. சில இடத்தில் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

எண்பத்தெட்டாம் கேள்விக்கு வந்ததும் பாஞ்சாலி நிறுத்திவிட்டார். மனசாட்சி இல்லாதவனைக் கண்டுபிடிக்கிற கேள்வி அது. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சின்னக் குரலில் கேட்டார்.

“யாரையாவது கஷ்டப்படுத்திட்டு, அதுக்கு வருத்தப்படாம இருந்திருக்கியா?”

மண்ணாங்கட்டி அவருடைய வளைந்த மணிக்கட்டைப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெறியில் அவர் தள்ளிவிட்டு முறிந்த கை. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

“இல்ல” என்றார். “அன்னிலருந்து பம்புல தண்ணி புடிச்சிக்கினு வர்றது நான்தான? ஒன்னால கொடத்த இடுப்புல வெச்சிப் புடிக்க முடியலன்னுதான் போறேன்.”

“குடிச்சிட்டுப் போய் ரெண்டு கொடத்த ஒடைச்சியே!”

“குடிச்சிட்டும் போனேன்” என்றார் மண்ணாங்கட்டி. “நெதானம் இல்லன்னாலும் தண்ணி மட்டும் மறக்கல. ஒரு நாளும் மறக்கல.”

‘குடித்துவிட்டுக் குடத்தோடு விளையாடுகிறான்’ என்று பாஞ்சாலி இரண்டு வருஷமாகத் தெருவே கேட்கத் திட்டியிருக்கிறார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாளில் பென்சிலை அழுத்தி ‘இல்லை’க்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட்டார். அழுத்தியதில் காகிதம் கிழிந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மொத்தம் பத்தொன்பது ஆமாம். பதினோரு கோளாறில் ஒன்றுகூடத் தேறவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூன்று பேரும் நாலரை மணி ரயிலைப் பிடித்தோம்.

டாக்டர் சீனுவாசன் சாயங்காலச் சுற்று முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “பொண்டாட்டி கேட்டு வாங்கின பதில எந்த ஆராய்ச்சிப் பத்திரிகை ஒத்துக்கும், அம்சா?” என்றார்.

“ஒத்துக்காது டாக்டர். நான் எடுத்த இருபத்து மூணும் அதைவிட மோசம். அத்தனையும் செல்லாது. திரும்ப முதல்லருந்து பண்ணப் போறேன். ஆனா நான் தப்பா எழுதின காகிதத்துக்காக இவர் கட்டில் போகக் கூடாது.”

இரண்டு வருஷ உழைப்பை ஒரு வாக்கியத்தில் குப்பையில் போட்டேன் என்பது வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. என் பேராசிரியர் என்ன சொல்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. டாக்டரின் முகம் இளகவில்லை.

“காகிதத்த விடு. கட்டில் ஒண்ணுதான் இருக்கு, நாளைக்கு ஆள் வருது. நானே கேக்கறேன்.” மண்ணாங்கட்டியைப் பார்த்தார். “இங்க பாருய்யா. உன்னைத் திரும்பச் சேத்துக்கறேன்னு வை. ஆறு வாரம் முடிஞ்சு வெளிய போனா குடிக்காம இருந்துடுவேன்னு தைரியமா சொல்லுவியா?”

இவ்வளவு தூரம் வந்து, மறுபடியும் அந்த ஆமாங்கவிடமே மாட்டிக்கொண்டோம். அதைச் சொன்னால் டாக்டர் நம்பமாட்டார், இப்போதுதானே அதன் லட்சணத்தை நானே விளக்கினேன். சொல்லாவிட்டால் கட்டில் போய்விடும். பாஞ்சாலி அவர் விலாவில் இடித்தார். “ஆமாங்கன்னு சொல்லுய்யா” என்று காதில் கெஞ்சினார்.

மண்ணாங்கட்டி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. களத்து வெயிலில் நின்ற ஒரு மனிதரைத் தாண்டித்தான் அந்த வார்த்தை வெளியே வரவேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது.

“இல்லீங்க” என்றார்.

பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டார்.

“சொல்ல முடியலீங்க. பயமா இருக்குதுங்க. மண்டியிலருந்து ஊட்டுக்கு வர்றதுக்குள்ள மூணு கடைங்க. மூணு நாளா அதுக்குப் பயந்துதான் எழுந்திருக்காம குந்திக்கினு இருந்தேன்.”

டாக்டர் சீனுவாசன் கழுவிய கையைத் தன் கைக்குட்டையில் துடைத்தார். மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜையிலிருந்து சேர்க்கை நோட்டை எடுத்துப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“அந்த மூணு கடையும் எங்கெங்க இருக்குன்னு சொல்லு” என்றார். “மொதக் கடையிலருந்து ஆரம்பி.”

மண்ணாங்கட்டி சொல்ல ஆரம்பித்தார். பாஞ்சாலி என் கையைப் பிடித்து வெளி வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, முகமெல்லாம் சிரிப்பு. பெண் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று ஊருக்குச் சொல்கிற தாய்போல, அந்தப் பெரிய குரலை அடக்கவே பார்க்காமல் சொன்னார்:

“கேட்டீங்களாம்மா? எங்க ஊட்டுக்காரு டாக்டருகிட்டயே இல்லீங்கன்னுட்டாரு!”